மே மாதப் பக்கம்

கோபாலகிருஷ்ணனுக்கு அந்த வருஷம் இலைப் பித்து தலைக்கேறியிருந்தது. வாழையிலை, வெற்றிலை என்று நாலு பேருக்கு உபயோகமான இலை எதுவும் இல்லை. உதிரப் போகிற இலை. ஏப்ரல் பிறந்ததும் ஆஸ்திரேலியாவின் குளிர்ந்த ஊர்களில் சிவந்தும் மஞ்சளித்தும் நிற்குமே, அந்த இலை. மெல்பர்னை ஒட்டிய கிளேட்டனில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் உலோகத் தகடுகளை வளைத்தும் முறித்தும் பார்ப்பது அவன் உத்தியோகம். சாயங்காலம் ஐந்து மணி அடித்தால் உலோகத்தை மறந்துவிடுவான். அதற்குமேல் அவனுக்கும் காமிராவுக்கும் நடுவில் யாரும் வரக் கூடாது.

காரணம் இல்லாமல் இல்லை. மெல்பர்னில் ஒரு விதைக் கம்பெனி வருஷா வருஷம் காலண்டர் போட்டது. பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு படம், ஒவ்வொரு படத்தின் அடியிலும் எடுத்தவர் பெயர். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். கோபாலகிருஷ்ணன் மூன்று வருஷமாக அனுப்பினான். மூன்று வருஷமும் நன்றிச் சீட்டோடு எல்லாம் பத்திரமாகத் திரும்பி வந்தன. இப்போது 1976-இல், காலண்டர் பொறுப்பில் இருந்த மிஸ்டர் கோல் அவனுக்குப் போன் பண்ணினார். அடுத்த வருஷக் காலண்டரில் பதினொரு பக்கம் நிரம்பிவிட்டது, மே மாதப் பக்கம் மட்டும் காலி, நல்ல இலையுதிர்காலப் படம் ஒன்றை மே இருபதாம் தேதிக்குள் கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்றார். அன்று கோபாலகிருஷ்ணன் மூன்று தோசையோடு எழுந்துவிட்டான். பத்தாயிரம் வீட்டுச் சுவரில் ஒரு மாதம் முழுக்கத் தன் பெயர் தொங்கப்போவதை அவன் அப்போதே பார்த்தாகிவிட்டது.

சமையலறைச் சுவரில் ஒரு தேசப்படம் மாட்டப்பட்டது. சிவப்புப் பென்சிலால் வட்டங்கள் விழுந்தன. சிட்னிக்கு மேற்கே மவுண்ட் வில்சன், கான்பரா, வடக்கு விக்டோரியாவில் பிரைட். டாஸ்மேனியாவுக்கும் ஒரு வட்டம் போட்டான். கப்பலேறத் தயார்தான், லீவுதான் இல்லை.

அவன் மனைவி நாகலட்சுமி மதுரையிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வட்டங்களை அவள் இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"எங்க ஊர்ல வேப்ப மரம்கூடத்தான் உதிருது. அதை யாருங்க கார் எடுத்துக்கிட்டுப் போய்ப் பாக்குறா?"

"உனக்குப் புரியாது, நாகு."

புரியாதுதான். ஆனாலும் புளியோதரை கட்டிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் காரில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தவள் அவள்தான்.

ஈஸ்டர் விடுமுறைக்கு முன்னால் சிட்னி நார்த்மீடிலிருந்து அவன் சிநேகிதன் கணேசலிங்கம் போன் பண்ணினான். யாழ்ப்பாணத்துக்காரன், பரமட்டா ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கிறவன். "இஞ்ச மலையில இலையெல்லாம் சிவந்துட்டுது. நீர் உடன வெளிக்கிட்டு வாரும்" என்றான். பன்னிரண்டு மணி நேரம் காரோட்டிப் போனார்கள். மவுண்ட் வில்சனில் கை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. "மரம் இதுக்குள்ளதான் நிக்குது, நம்பும்" என்று கணேசலிங்கம் சத்தியம் பண்ணினான். அடுத்த வாரம் கான்பரா. இலை பிரமாதம், மழை அதைவிடப் பிரமாதம். பிரைட்டில் வெயிலும் இருந்தது, இலையும் இருந்தது, கூடவே அவனைப் போலவே காமிரா மாட்டிக்கொண்டு முப்பது பேர் ஒரே மரத்தைச் சுற்றி நின்றார்கள். அவன் எடுத்த படங்களில் எல்லாம் யாருடைய முழங்கையாவது இருந்தது.

மே பதினைந்து, சனிக்கிழமை மத்தியானம். இன்னும் ஐந்தே நாள். ஆள் சோர்ந்துபோய் மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது போன் மணி அடித்தது. மெல்பர்னுக்கு வடமேற்கே மசிடன் மலையடிவாரத்திலிருந்து மிஸஸ் டாலன் பேசினாள். தபாலாபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவள் வீட்டு முற்றத்தில் ஒரு கிங்கோ மரம் உண்டு. சின்ன விசிறி போன்ற இலை, மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். மற்ற மரங்கள் மாதக்கணக்கில் உதிர்க்கிறதை அந்த மரம் ஓர் இரவில் உதிர்த்துவிடும். போன வருஷம் கோபாலகிருஷ்ணன் ஒரு நாள் தாமதமாகப் போய் மொட்டை மரத்தைப் பார்த்துவிட்டு வந்தான். அடுத்த வருஷம் சொல்லி அனுப்புகிறேன் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

"இன்றைக்குப் பனி உறையும். இரவோடு இரவாகக் கொட்டிவிடும். வந்து தங்கிக்கொள். காலையில் சூரியன் ஏறும்போது என் முற்றம் தங்கத்தில் இருக்கும்."

சாதம் தட்டிலேயே கிடந்தது. "கிளம்பு, கிளம்பு!" என்று கத்திக்கொண்டே ஒரே சட்டையை இரண்டு தடவை மாட்டினான்.

"எங்கங்க?"

"ஒரு மரத்தைப் படம் எடுக்கப் போறோம்!"

அவசரத்தில் அவன் சொன்னது அவ்வளவுதான். இலையைப் பற்றியோ தரையைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழி நெடுக வெளிச்சம், கோணம், லென்ஸ் என்று பேசிக்கொண்டே போனானே தவிர, முக்கியமானதைச் சொல்லாமல் விட்டான். பேசுகிறவர்களுக்கு உள்ள வியாதி அது.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தபோது மரம் மஞ்சள் கோபுரமாக நின்றது. செங்கல் பாவிய முற்றத்தில் ஒரு இலைகூட இல்லை. மிஸஸ் டாலன் சூப்பு கொடுத்தாள், சமையலறையைக் காட்டி எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். காமிராவில் ஏழு படம் பாக்கி. ஏழு போதும் என்று கோபாலகிருஷ்ணன் தலையணைக்குப் பக்கத்திலேயே காமிராவை வைத்துக்கொண்டு படுத்தான்.

காலை ஆறே முக்காலுக்கு விழித்தான். பக்கத்தில் நாகலட்சுமி இல்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி கதவைத் திறந்தான்.

முற்றம் பளிச்சென்று சுத்தமாக இருந்தது.

ஒரு இலை இல்லை. செங்கல் ஒவ்வொன்றும் கழுவிவிட்டது போல இருந்தது. மரத்தடியில், பதினைந்து புள்ளி வைத்து இழுத்த ஒரு பெரிய சிக்குக் கோலம். பக்கத்தில் நாகலட்சுமி, புடவைக்கு மேல் அவனுடைய ஸ்வெட்டர், கையில் நீளக் கழி வைத்த துடைப்பம், மூக்கு நுனி சிவந்து, முகமெல்லாம் சிரிப்பு.

"அஞ்சு மணிக்கே எந்திரிச்சிட்டேன். முழங்கால் அளவு குப்பைங்க! தள்ளுவண்டில ஒன்பது நடை. எல்லாத்தையும் கோழிக்கூண்டுக்குப் பின்னாடி உரக்குழில கொட்டிட்டேன். அரிசி மாவு இல்லை, அந்தம்மா வச்சிருந்த மைதா மாவுலயே கோலம் போட்டேன். இப்ப எடுங்க உங்க மரத்தை."

கோபாலகிருஷ்ணன் ஸ்டாண்டைத் தோளிலிருந்து இறக்கிப் போட்டுவிட்டுக் குரல் எடுத்தான். அந்தக் குரல் வராமலே இருந்திருக்கலாம்.

"பட்டிக்காடு! பட்டிக்காடு! உன்னை யாரு கூட்டச் சொன்னா? அந்த இலையைத்தான்டி எடுக்க வந்தேன்! மூணு வருஷம்! அறிவுன்னு ஒண்ணு இருக்கா உனக்கு?"

சத்தம் கேட்டு மிஸஸ் டாலன் கம்பளிக் கவுனோடு வாசலுக்கு வந்து நின்றாள். நாகலட்சுமியின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"மரத்தைப் படம் எடுக்கணும்னுதானே சொன்னீங்க" என்றாள் மெதுவாக. "படம் எடுக்க ஆள் வர்றாங்கன்னா வாசலைக் கூட்டி ஒரு கோலம் போட மாட்டாங்களா? நம்ம கல்யாணத்துக்குப் போடலை?"

அவன் உரக்குழிக்கு ஓடினான். தங்கம் அங்கேதான் இருந்தது. முட்டை ஓடு, கேரட் தோல், கோழி எச்சம் எல்லாவற்றோடும் கலந்து கிடந்தது. இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தான். சேறு சொட்டியது. அழுகை வந்துவிடும் போலிருந்தது. மே மாதப் பக்கம் போயிற்று, இனி ஒரு வருஷம் என்று நினைத்துக்கொண்டே திரும்பி நடந்தான்.

அப்போது மலை விளிம்பைத் தாண்டி வெயில் வந்தது. மரத்தின் உச்சியில்தான் முதலில் பட்டது. அரையிருட்டில் தரையையே பார்த்துக் கத்தியவன் அதுவரை நிமிர்ந்து பார்க்கவில்லை; உச்சியில் இன்னும் இலை இருந்தது! பாதி மரத்துக்கு மேல் இருந்தது. இரவு கொட்டியது பாதிகூட இல்லை. மிச்சமெல்லாம் காம்பில் பனி உறைந்து ஒட்டிக்கொண்டு நின்றிருந்தது. வெயில் பட்டதும் பனி இளகியது. முதலில் ஒன்று விழுந்தது. பிறகு நாலைந்து. பிறகு காற்றே இல்லாமல், நேர் கீழே, சடசடவென்று தூறல் மாதிரி மஞ்சளாகக் கொட்ட ஆரம்பித்தது.

"ஐயையோ, திரும்ப விழுதே!" என்று நாகலட்சுமி துடைப்பத்தைத் தூக்கினாள்.

"தொடாதே! அங்கேயே நில்லு! இல்லை, நகரு! நகரு!"

ஸ்டாண்டு விரிந்தது, ஒரு கால் மாட்டிக்கொண்டது, அதை உதைத்தான். கோபாலகிருஷ்ணன் காமிராக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். ஈரச் செங்கல் சிவப்பு. அதன் மேல் வெள்ளைக் கோடு, ஓரிடத்தில்கூட அறுபடாமல் சுற்றிச் சுற்றி ஓடியது. அந்தக் கோட்டின் வளைவுக்குள் ஒவ்வொன்றாக மஞ்சள் விசிறிகள் வந்து உட்கார்ந்தன. முன்பு கிடந்த மொத்தக் கம்பளத்தையும் அப்படியே விட்டிருந்தால் இது கிடைத்திருக்காது. இந்தத் தேசத்தில் இதை ஒருவனும் எடுத்ததில்லை என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. வரிசையாகத் தட்டிக்கொண்டே போனான். ஏழாவது படம் எடுத்து முடிப்பதற்கும் கோலம் முழுக்க மூடுவதற்கும் சரியாக இருந்தது. மிஸஸ் டாலன் கை தட்டினாள். நாகலட்சுமிகூட எல்லாவற்றையும் மறந்து தலையில் இலையோடு சிரித்துக்கொண்டு நின்றாள்.

காரில் ஏறியதும் அவன் திட்டியது அவளுக்கு நினைவு வந்துவிட்டது. மெல்பர்ன் எல்லை வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் பாட்டுக்கு, "பார்த்தியா நாகு அந்த மூணாவது படம்" என்று துள்ளிக்கொண்டிருந்தான். கடைசியில் ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள்.

"அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாதுதான். ஆனா நீங்க என்ன சொன்னீங்கன்னு அவங்களுக்குப் புரிஞ்சுது."

துள்ளல் அடங்கியது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வார்த்தை தேடினான். மணிக்கணக்கில் லென்ஸைப் பற்றிப் பேசத் தெரிந்தவனுக்கு அந்த ஒரு வார்த்தை அகப்படவில்லை. திங்கள், செவ்வாய், புதன், வீட்டில் சாப்பாடு நேரத்துக்கு வந்தது. பேச்சு வரவில்லை.

வியாழக்கிழமை காலை, கழுவி வந்த ஸ்லைடுகளோடு மிஸ்டர் கோல் முன்னால் உட்கார்ந்தான். அவர் விளக்குப் பலகையில் ஏழையும் வரிசையாக வைத்து, பூதக்கண்ணாடியை மூன்றாவதன் மேல் வைத்தார். எடுக்கவே இல்லை.

"தரையில் இருக்கிறது என்ன?"

அவன் சொன்னான். கூட்டியதைச் சொன்னான், மைதா மாவைச் சொன்னான், மறைக்காமல் தான் கத்தியதையும் சொன்னான்.

மிஸ்டர் கோல் அந்த ஸ்லைடை மட்டும் தனியாக எடுத்து ஓர் உறையில் போட்டார். "மே மாதம் உங்களுடையது. அடியில் போட உங்கள் பெயரை எழுதுங்கள். ஒரே வரிதான் இடம், முப்பது எழுத்துக்கு மேல் போகக் கூடாது."

மூன்று வருஷமாக எழுதிப் பார்த்த வரி. பென்சிலை வாங்கி, முழுப் பெயரையும் அழகாக எழுதினான். அதைப் பார்த்தான். அடித்தான். மறுபடி எழுதித் தந்தான்.

மிஸ்டர் கோல் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "இப்படி நாங்கள் போடுவது வழக்கமில்லையே. அதுவும் உங்கள் பெயரே அரைகுறையாக நிற்கிறது."

"என் பெயர் நீளம். இதில் இரண்டு பேர் ஏற வேண்டும். இப்படிப் போடுவதானால் போடுங்கள், இல்லையென்றால் ஸ்லைடைத் திருப்பிக் கொடுங்கள்." சொல்லிவிட்டு, திருப்பிக் கொடுத்துவிடுவாரோ என்று உறையையே பார்த்தான்.

அவர் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு அந்தச் சீட்டையும் உறைக்குள் போட்டார்.

இரண்டு வாரம் கழித்து அச்சுக்கூடத்திலிருந்து சரிபார்க்கும் தாள் வந்தது. அதைச் சமையலறை மேஜையில் நாகலட்சுமியின் முன்னால் விரித்து வைத்துவிட்டு, கோபாலகிருஷ்ணன் தண்ணீர் குடிக்கப் போகிறவன் போலத் தள்ளி நின்றான். இந்த இரண்டு வாரத்தில் உப்பு, காபி, சாவி என்கிற அளவுக்குப் பேச்சு திரும்பியிருந்தது, அவ்வளவுதான். அவள் படத்தைப் பார்த்தாள். குனிந்து அடியில் இருந்த இங்கிலீஷ் வரியை விரல் வைத்துப் படித்தாள்.

படம்: கோபால். தரை: நாகலட்சுமி.

இரண்டாம் முறையும் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கோலத்தின் வலது பக்கம் ஒரு வளைவைச் சுட்டிக் காட்டினாள்.

"இங்க கோணியிருக்கு. மைதா மாவுல இழை நிக்காது. இன்னொரு தடவை எடுக்க முடியாதா?"

"மரம் மொட்டையாயிருச்சு, நாகு. இனிமே அடுத்த மே மாசம்தான்."

"சரி, அடுத்த வருஷமும் போவோம். அரிசி மாவு நான் எடுத்துட்டு வர்றேன். நீங்க உங்க வாயை வீட்டுல வச்சிட்டு வாங்க."