இரண்டாம் முறை நின்ற இதயம்

அறுவை அரங்கிலிருந்து டாக்டர் வித்யா வெளியே வந்தபோதே தாட்சாயிணி எழுந்துவிட்டாள். உள்ளே அவள் மகள் விஜியின் மார்பை இன்னும் மூடியிருக்கவில்லை.

விஜிக்கு நாலு வயது. இதயத்தின் இடப்பக்க வால்வு பிறவியிலேயே சரியாக மூடாது. முன்னால் போக வேண்டிய ரத்தத்தில் பாதி நுரையீரல் பக்கமே திரும்பிவிடும். கோவில்பதாகையில் வீட்டிலிருந்து பால்வாடி போவதற்குள் மூச்சிரைத்து ரோட்டோரம் உட்கார்ந்துவிடுவாள்.

"வால்வைத் தைச்சாச்சு. இதயமும் திரும்ப ஓட ஆரம்பிச்சிடுச்சு," என்றார் டாக்டர். "ஆனா ஒரு ஓரத்துல இன்னும் கசியுது. இப்பவே இதயத்தை மறுபடி நிறுத்தி இன்னொரு தடவை தைக்கலாம். இல்ல, இப்படியே மூடிடலாம். மூடினா, சீக்கிரமே செயற்கை வால்வு வைக்க வேண்டி வரும். அது அவளோட சேர்ந்து வளராது. ரத்தம் உறையாம இருக்க தினமும் மாத்திரை. கீழ விழுந்து அடிபட்டாகூட பயந்துகிட்டே இருக்கணும்."

"மறுக்கா நிறுத்துனா திரும்ப அடிக்குமா டாக்டர்?" விஜியின் அப்பா பச்சையப்பன் கேட்டான்.

"அடிக்கும்னுதான் நம்பறேன். ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"அப்ப வேணாம் டாக்டர். மூடிடுங்க. உசுரோட குடுங்க, அது போதும். அப்பால பாத்துக்கலாம்."

"அப்பாலன்னா இன்னா? மறுக்கா நெஞ்சத் தொறக்கவா?" தாட்சாயிணி அவன் பக்கம் திரும்பினாள். "கீழ உழாத கொழந்த எங்கனா கீதா?"

"ஏதனா ஆயிட்டா?"

"ஆச்சுன்னா என்னியே சொல்லு. ஆயுசுக்கும் சொல்லு." பிறகு டாக்டரிடம், "தைச்சுடுங்கம்மா," என்றாள்.

டாக்டர் பச்சையப்பனைப் பார்த்தார். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான்.

அதன்பின் இருவரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். ஒரு நர்ஸ் அவசரமாக வெளியே ஓடி, ரத்தப் பையோடு உள்ளே திரும்பினாள். "இன்னா சிஸ்டர் ஆச்சு?" என்று பச்சையப்பன் கேட்டது அவள் காதில் விழவே இல்லை. மகளின் இதயத்தைத் தன் வாயாலேயே நிறுத்திவிட்டதுபோல் தாட்சாயிணிக்குத் தோன்றியது. சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க முடியாதா என்று தவித்தாள். முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பச்சையப்பன் எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எதுனா ஆனாலும் உன்னிய சொல்ல மாட்டேன் தாட்சா," என்றான்.

அப்போதுதான் அவள் அழுதாள்.

டாக்டர் மறுபடி வந்தபோது முகக்கவசத்தைக் கழற்றியிருந்தார். "மறுபடி அடிக்க ரொம்பத் தயங்குச்சு. இதயத்துக்குப் பதிலா ரத்தத்தை ஓட்டற மெஷின்லயே வெச்சு கொஞ்சம் ஓய்வு குடுத்தோம். இப்ப தானா அடிக்குது. கசிவு நூலளவுதான் இருக்கு. இனிமே அடிக்கடி வந்து காட்டணும், அவ்வளவுதான்."

பச்சையப்பன் கும்பிட்டான்.

மறுநாள் தொண்டைக் குழாயை எடுத்தபின் இருவரையும் உள்ளே விட்டார்கள். விஜி கண் திறந்து, கம்மிய குரலில் தண்ணீர் கேட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும் என்றாள் நர்ஸ். தாட்சாயிணி ஈரப் பஞ்சால் உதட்டை மட்டும் நனைத்தாள்.

"நீ பேட் அம்மா. தண்ணி தர மாட்ற," என்று விஜி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.