பதினேழு வேகத்தடைகள்

பூமியைப் படம்பிடிக்கும் செயற்கைக்கோளை ஏவுதளத்துக்குக் கொண்டுபோகும் வேலை ஒருமுறை என் தலையில் விழுந்தது. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், தைரியமாகச் சொல்லலாம். நடந்த கூத்துக்கெல்லாம் காரணம் நான் எழுதிய ஒரு கடிதம்.

செயற்கைக்கோளின் எடை ஒரு டன், செல்லம் பத்து டன். அதன் பெட்டிக்குள் ஓர் அதிர்வுமானி. அதில் எண் இரண்டைத் தாண்டினால், செயற்கைக்கோளைத் திரும்ப ஆய்வகத்துக்கே கொண்டுபோய் மூன்று மாதம் சோதிக்க வேண்டும். ஏவும் தேதி கோவிந்தா. அதன் கேமராவை ஆறு வருடம் உட்கார்ந்து கட்டிய பொறியாளரம்மா, லாரியில் என் பக்கத்தில் இருந்தார்.

போன வாரம்தான் வழியைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். கன்னத்தை வைத்துத் தூங்கலாம், அப்படி ஒரு சாலை. அதோடு விட்டேனா? 'அன்று வண்டிகள் மெதுவாகச் செல்ல ஆவன செய்யவும்' என்று சாலைத்துறைக்கு எழுதினேன்.

ஆவன செய்திருந்தார்கள். புத்தம்புது வேகத்தடைகள், பதினேழு. ஒவ்வொன்றும் யானை படுத்த உயரம்.

"போன வாரம் இது இல்லயே சார்" என்றார் டிரைவர்.

"யாரு போடச் சொன்னாங்க?" என்றார் பொறியாளரம்மா.

நான் ஜன்னல் வழியே மேகங்களை ஆராய்ந்தேன்.

ரயில் நீளத்துக்கு இருந்த லாரியைத் திருப்ப இடமில்லை. இறங்கிப்போய்ச் சாலைத்துறைக்குப் போன் போட்டேன்.

"நீங்க கேட்டீங்கன்னுதான் சார் போட்டோம். திருப்திதானே?"

"உடைக்க முடியுமா?"

"போட ஒரு லெட்டர் போதும். உடைக்க மூணு கையெழுத்து வேணும். அதுல ஒருத்தர் லீவு."

ஈரக்காற்று புகாமல் பெட்டியைக் காத்த நைட்ரஜன் மாலைவரைதான் வரும். காத்திருக்கவும் வழியில்லை. ஒவ்வொரு தடைக்கும் இருபுறமும் பலகை சாய்த்து லாரியை ஏற்றி இறக்கினோம். எறும்பு ஒன்று எங்களை முந்திப் போனது, சத்தியம். ஒவ்வொரு முறையும் பொறியாளரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவாண்ணே."

"இதுக்கு மேல மெதுவான்னா எறங்கித்தாம்மா தூக்கணும்."

பதினாறு தாண்டியது. பதினேழாவதில் பலகை முறிந்தது. 'டொக்'.

ஏவுதளத்தில் பெட்டியைத் திறந்தார்கள். அதிர்வுமானியில் இரண்டு புள்ளி மூன்று. பொறியாளரம்மா அந்த எண்ணையே வெகுநேரம் பார்த்தார். நான் கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"சார், இனிமே யாருக்கும் எதுவும் எழுதாதீங்க" என்றார்.

டிரைவர் தலையைச் சொறிந்தார். "திரும்ப எந்த வழியாம்மா போறது?"

இருந்ததே ஒரு வழிதான்.