றம்ஸியா மாமியின் உள்ளங்கை

ஹாதிக்குக்குக் கலியாணம் என்று கேள்விப்பட்டதும் நான் முதலில் கேட்டது, பெண்கள் பக்கத்துப் படம் யார் எடுக்கிறார்கள் என்றுதான். பெண் வீட்டார் நம்மிடம்தான் சொல்லியிருக்கிறார்கள் என்றார் வாப்பா. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். வாப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

முந்திய வருடம் அந்த ஹாதிக்கை எனக்குத்தான் பேசியிருந்தார்கள். அவனுடைய உம்மா றம்ஸியா மாமி வீட்டுக்கு வந்து, பலகாரத்தில் ஒரு கடி கடித்துவிட்டு, என் கழுத்தில் கிடந்த மாலையை உள்ளங்கையில் ஏந்தித் தூக்கிப் பார்த்தார், சந்தையில் மீனைத் தூக்கிப் பார்ப்பதுபோல. "என்ன கா, பாரமே இல்ல" என்று சிரித்தார். என் உம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். உம்மாவின் அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அடுத்த கிழமை, சீதனமாக எனக்குத் தரப்போகும் வீட்டுக்கு மாடி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பாரமில்லாத பொண்ணு என்ற பெயர் மட்டும் எனக்கு மிச்சம்.

வாப்பாவுக்குக் கல்முனையில் ஒரு சின்ன ஸ்டூடியோ. அண்ணன் முறையில் ஊருக்கே அவர் றஸாக் காக்கா; அவருடைய கடை என்றால் எல்லாருக்கும் தெரியும். கலியாண வீட்டில் பெண்கள் பக்கம் ஆண்கள் கமராவோடு போக முடியாது. அதனால்தான் எனக்குத் தொழில் பழக்கினார். முற்றத்துக் கோழிகளையும் மீன் வெட்டும் உம்மாவையும் எடுக்கச் சொல்லி, அந்தப் படங்களைப் பார்த்துப் பிழை சொல்வார்.

"முகத்தயே பாத்துக்கிட்டு நிக்காத மகள். முகத்த ஆக்கள் சரிபண்ணி வெச்சிரிப்பாங்க. கையப் பாரு. கைக்கு நடிக்கத் தெரியா."

கலியாண வீடுகளில் நான் எடுத்த படங்களில் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. அந்நியப் பெண்களின் படத்தைப் பார்ப்பதில்லை என்பதில் வாப்பா அசையவே மாட்டார். அதை நம்பித்தான் ஊர்ப் பெண்கள் முக்காடில்லாமல் என் கமராவுக்கு முன்னால் நிற்கிறார்கள். அந்த நம்பிக்கை போனால் எங்கள் கடையும் போனதுதான். எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஹாதிக்கின் கலியாண வீட்டுக்குப் போனேன்.

"ஆ, நுஸ்ஹாவா? நல்லா மெலிஞ்சி போயிட்டா" என்றார் மாமி, என்னைக் கண்டதும்.

"ஓம் மாமி, பாரம் கொறஞ்சிட்டு" என்றேன்.

அதற்குப் பிறகு நான் அவரை விடவே இல்லை. மணப்பெண் அப்னா நகைகளைப் போட்டுக்கொண்டு தலை குனிந்து இருந்தாள். மாமி பக்கத்தில் போய்க் குந்தி, முந்தானையைச் சரிசெய்தார், நெற்றியைத் துடைத்தார். நான் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அது அவள் கழுத்தில் கிடந்த அட்டியலுக்குக் கீழே போனது. உள்ளங்கை விரிந்து, மெல்ல ஒரு தரம் உயர்ந்தது. கமராவை அழுத்திவிட்டேன். முகத்தில் பாசம் வழிய, கை மட்டும் தராசு வேலை பார்க்கும் படம்.

அல்பத்துக்குப் படம் தெரிவு செய்ய வந்த அப்னாவிடம் அதையும் காட்டினேன். கிட்டக் குனிந்து பார்த்தாள். பிறகு, "இத முழுப் பக்கத்துக்குப் போடுங்க றாத்தா" என்றாள்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். அல்பமும் அங்கேதான் இருக்கும், வருகிற பெண்களெல்லாம் புரட்டிப் பார்ப்பார்கள். ஒரு மாதம் போகவில்லை, மாமிக்குத் தராசு மாமி என்று பெயர் விழுந்துவிட்டது. கேள்விப்பட்ட அன்று நான் இரண்டு கோப்பை சோறு தின்றேன். பழி இவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

மாமி ஒருநாள் அல்பத்தோடு கடைக்கே வந்துவிட்டார். பாஸ்போர்ட் படம் எடுக்க இரண்டு ஆண்கள் காத்திருந்தார்கள்.

"காக்கா, ஒங்கட மகள் செஞ்ச வேலையப் பாருங்க! இனி ஒரு பொம்பிளையும் இந்தக் கடைக்கி வராம நான் செய்றன்!" என்று அல்பத்தை வாப்பாவின் மேசையில் விரித்தார்.

வாப்பா சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மூடுங்க தங்கச்சி. நான் பொம்பிளையள்ட படம் பாக்கிறல்ல."

"என்ட படம்தானே? நானே காட்டுறன்!"

"நீங்க காட்டினாலும் பாக்க மாட்டன். என்ன இரிக்கி எண்டு வாயால சொல்லுங்க."

காத்திருந்தவர்கள் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினார்கள்.

"நான்... மருமகள்ட அட்டியலப் பிடிச்சி..."

"பிடிச்சி?"

"தூக்கி..."

"தூக்கி என்ன செய்றீங்க?"

"நிறுத்துப் பாக்கிறாங்க போல" என்று காத்திருந்தவர்களில் ஒருவர் முணுமுணுத்தார். மற்றவர் இருமி இருமிச் சிரிப்பை அடக்கினார்.

"மகள், அதுல நீ எதையும் வெட்டி ஒட்டினயா?" வாப்பா இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல வாப்பா."

"தங்கச்சி, நீங்க செய்யாத ஒண்டையா எடுத்திரிக்கா?"

மாமி அல்பத்தை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனார். வாப்பா இரண்டு பேரையும் படம் எடுத்து அனுப்பினார். கடையில் நாங்கள் மட்டும் ஆனதும் கையை நீட்டினார்.

"கமராவத் தா."

தொழில் முடிந்தது என்று நினைத்தேன். இனிப் பெண்கள் பக்கம் போக விடமாட்டார். கையில் கொடுத்தேன். வாப்பா வில்லையை ஊதி, துணியால் துடைத்தார்.

"எதுல ஃபோகஸ் வெச்ச? முகத்துலயா, கையிலயா?"

"கையில, வாப்பா."

தலையை ஆட்டிவிட்டுக் கமராவை என்னிடமே திருப்பித் தந்தார்.

"அண்டைக்கி ஒன்னப் பொண்ணு பாக்க அவங்க வந்தக்குள்ள, நான் திரைக்கி இஞ்சால இரிந்தனான்" என்றார். "ஒன்ட உம்மா சிரிச்ச சத்தம் எனக்கும் கேட்டது."