ஐம்பதில் நின்ற முள்

ஒக்கலிபுரத்து ஷோபா எந்த அறைக்குள் நுழைந்தாலும் அந்த அறைக் காற்றின் ஈரப்பதம் ஐம்பது சதவீதத்துக்கு வந்து நின்றுவிடும். அவள் வெளியே போன பிறகுதான் அது தன் இஷ்டத்துக்கு ஏறும், இறங்கும். சதவீதக் கணக்கெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அதற்கு முன் தெருவுக்குத் தெரிந்ததெல்லாம், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த ஒற்றை அறை வீட்டில் அடைமழையிலும் உப்பு கசியாது, அப்பளம் நமத்துப்போகாது என்பதுதான். மழைக்காலம் பிறந்ததும் அக்கம்பக்கத்தார் தீப்பெட்டிகளையும் அப்பளக் கட்டுகளையும் அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். பஜனைக் கோஷ்டியின் டோலக், ஜூன் முதல் நவம்பர் வரை ஷோபா வீட்டுக் கட்டிலுக்கடியில் குடியிருந்தது. பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிய அப்பா ஜெயராமனின் அளவுகருவிகள் ஒருநாளும் துருப்பிடித்ததில்லை. சிலர் வைத்தால் மல்லிச்செடி பிடிக்கும், சிலர் வைத்தால் பிடிக்காது. இதுவும் அப்படித்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஷோபாவுக்கோ காற்றில் அக்கறை இல்லை. பள்ளிச் சுற்றுலாவில் ஓர் அருங்காட்சியகத்தில், கையில் கிளியோடு நின்ற கற்சிலை ஒன்றைப் பார்த்திருந்தாள். கீழே அட்டையில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ‘பெண். கருங்கல்.’ என்று மட்டும் இருந்தது. அவள் யார், எந்த ஊர்க்காரி, கிளி யாருடையது என்று ஏன் எழுதவில்லை என்ற கோபம் வீடு வந்து சேர்ந்த பிறகும் தணியவில்லை. அந்த அட்டைகளை எழுதும் ஆளாவது என்று அன்றே முடிவு செய்தாள். அந்த வேலைக்குக் காப்பாட்சியர் என்று பெயர், அதற்கென்று முதுகலைப் படிப்பே உண்டு என்பதைக் கண்டுபிடிக்கப் பல வருடங்கள் பிடித்தன. 1994இல் அதில் சேர்ந்தாள். கருவிகள் பற்றிய முதல் வகுப்பிலேயே குழப்பம் தொடங்கியது. ஈரத்தை அளக்கும் பெட்டிக்குள் மனிதத் தலைமுடி ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஈரத்தில் முடி நீளும், வறட்சியில் சுருங்கும், அதைப் பார்த்து முள் நகர்ந்து காகிதத்தில் கோடு போடும். ஷோபாவின் வகுப்பில் முள் நகரவே இல்லை. ஏற்ற இறக்கம் இல்லாமல் எதைக் குறித்துக்கொள்வது, மதிப்பெண் எங்கிருந்து வரும் என்று கூடப் படித்தவர்கள் முறையிட்டதால், செய்முறை வகுப்புகளின்போது அவளைக் கேன்டீனில் உட்கார வைத்தார்கள். அங்கே பஜ்ஜி மாலை வரை மொறுமொறுப்பாக இருந்தது. படிப்பில் அவள்தான் முதலாவதாக வந்தாள்.

1996இல் பயிற்சிக்காகக் காக்ஸ் டவுன் போனாள். பட்டு வியாபாரி ஒருவர் விட்டுச்சென்ற பங்களாவை ஓர் அறக்கட்டளை அருங்காட்சியகமாக நடத்திவந்தது. மெல்லிய தங்கத் தகடான ரேக் ஒட்டிய மைசூர் ஓவியங்கள், ஓலைச்சுவடிகள், தோல் வாத்தியங்கள் என எல்லாவற்றிலும் பூஞ்சணம் ஏறியிருந்தது. ஷோபா வந்த வாரத்தில் பூஞ்சணம் வளர்வதை நிறுத்தியது. தளர்ந்திருந்த மத்தளம் தானாகச் சுருதிக்கு வந்தது. இயக்குநர் ஆராவமுதன், மூன்று தலைமுறையாக மைசூர் அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பத்தைச் சேர்ந்தவர், எதையும் முறைப்படி செய்பவர். பயிற்சி முடிந்ததும் அவளுக்கு வேலை கொடுத்தார். ஓவிய அறையின் நடுவில் ஒரு ஸ்டூல், அதில் உட்கார்ந்திருப்பதுதான் வேலை.

“அட்டை எழுதறது சார்?” என்று கேட்டாள்.

“அதுக்கெல்லாம் ஆள் இருக்கும்மா. காத்துக்குத்தான் ஆள் இல்லை.”

அப்படியே நான்கு வருடங்கள் போயின. அவளுடைய நியமனம் உபகரணக் கணக்கில் வந்ததால், வருடாவருடம் கருவிகளைப் பழுதுபார்க்க வரும் மெக்கானிக் நோயல் மின்விசிறிகளை முடித்துவிட்டு அவளிடமும் வந்து கையெழுத்து வாங்கிப்போவான். “ஆயில் எதாச்சும் போடணுமா மேடம்?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பான். “உன் வாய்க்குப் போட்டுக்க” என்பாள் அவள். அவள் விடுப்பு எடுத்தால் ஓவியங்களில் ரேக் உரிந்தது. உதவிக் காப்பாட்சியர் பதவிக்கு இரண்டு முறை விண்ணப்பித்தாள். நீ எழுந்து போனால் அறையை யார் பார்ப்பது என்று இரண்டு முறையும் ஆராவமுதன் வருத்தத்தோடு மறுத்தார். அவள் அம்மா லட்சுமம்மா, மகளுக்கு வேலை கிடைத்தால் அவள் தலைமுடியைத் திருப்பதியில் கொடுப்பதாக வேண்டியிருந்தாள். ஆனால் அதற்கு இன்னும் வேளை வரவில்லை என்றே சொல்லிவந்தாள்.

“ஸ்டூல் மேல உக்காந்துனு இருக்கறதுக்கு எவளாச்சும் முடி குடுப்பாளா? எங்க உன்ன எழுதச் சொல்றாங்களோ, அதான் வேலை.”

இரண்டாயிரமாவது வருடம் காப்பாட்சியர் ஓய்வு பெற்றார். நேர்காணலுக்கு நாள் குறித்தார்கள். அந்த வாரம்தான் ஓவிய அறைக் கருவியின் முடி அறுந்தது. புது முடி வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், மூன்று மாதமாகும் என்றான் நோயல். எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கிவிட்டால் எந்த முடியும் ஆகும் என்று வகுப்பில் படித்திருந்த ஷோபா, தன் தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக் கழுவிக் கட்டினாள். மறுநாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். திரும்பி வந்தபோது காகிதத்தில் கோடு ஐம்பதிலேயே நேராக ஓடியிருந்தது. ரேக் உரியவில்லை. ஒரு முடியே ஓர் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை அவள் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். முடி பெருமாளுக்கு நேர்ந்தது. வேலை கிடைத்தால்தான் அதை எடுக்க முடியும். எடுத்தால்தான் வேலை கிடைக்கும்; தலையில் முடி இருக்கும்வரை ஆராவமுதன் அவளை ஸ்டூலிலிருந்து விடமாட்டார். லட்சுமம்மா அரிசி களைந்து உலை வைக்கும்வரை யோசித்தாள்.

“எடுத்துடு. உனக்கு இன்னா, திரும்ப மொளைக்காதா? பெருமாள் எங்க போயிடப் போறாரு.”

“கோச்சுக்க மாட்டாரா?”

“அவர் கிட்ட நான் பேசிக்கறேன். நீ அந்த ஐயர் கிட்ட பேசு.”

“அவர் ஐயங்கார்ம்மா.”

“யாரா இருந்தா இன்னா, அந்த ஸ்டூலை விட்டு எந்திரி.”

நேர்காணலன்று காலை ஒரு நாவிதர் காக்ஸ் டவுனுக்கு வந்து, ஓவிய அறையில் அதே ஸ்டூலில் அவளை உட்காரவைத்து மொட்டையடித்தார். நோயல் கண்ணாடிக் குழாய்களோடு நின்றான். விழுந்த முடிகளில் ஒவ்வொன்றாக எடுத்துக் குழாய்க்குள் போட்டான். ஒவ்வொரு அறையின் கண்ணாடிப் பேழைக்குள்ளும் ஒரு முடி போனது. மத்தள அறைக்கு மட்டும் இரண்டு. வெளியே ஜூன் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மாடியேறி நேர்காணல் அறைக்குள் நுழைந்தபோது, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஷோபாவின் புடவை அறைக் காற்றின் ஈரத்தில் ஒட்டியது. ஆராவமுதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என்னம்மா இது கோலம்?”

“மெஷினைக் கீழ கழட்டி வெச்சுட்டேன் சார். நான் காப்பாட்சியர் வேலைக்கு வந்திருக்கேன்.”

அவர் இறங்கிப் போய் ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். எல்லா முட்களும் ஐம்பதில் நின்றன. எதையும் முறைப்படி செய்பவர் என்பதால், மேலே வந்து கேள்விகளை முதலிலிருந்து கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

அந்த மழைக்காலத்தில் ஒக்கலிபுரத்தில் உப்பு கசிந்தது. மறு வருடம் சரியாகிவிட்டது. இரண்டாவது முறை வளர்ந்த முடி, சொன்னபடி திருப்பதிக்குப் போனது. அருங்காட்சியகத்தின் அட்டைகள் ஒவ்வொன்றாக மாறின. ஓவியத்தில் விசிறி பிடித்தவளுக்கும் மத்தளத்தைக் கட்டியவனுக்கும் ஊரும், தெரிந்தவரை பெயரும் வந்து சேர்ந்தன. முதல் பேழையில் கண்ணாடிக் குழாய்க்குக் கீழே கன்னடம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழியில் ஓர் அட்டை இருக்கிறது: ‘தலைமுடி, 2000. ஷோபா, லட்சுமம்மா – ஜெயராமன் மகள், ஒக்கலிபுரம். இந்த அறையின் காற்றைப் பார்த்துக்கொள்கிறது.’ பள்ளிப் பிள்ளைகள் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, மத்தளம் எந்தப் பக்கம் என்று கேட்டு அடுத்த அறைக்குப் போகிறார்கள்.