கல் படாத வண்டி

அமீருதீனுக்குப் பெயிண்டைப் பற்றி யாரும் பாடம் எடுக்க முடியாது. தாம்பரம் மார்க்கெட்டில் இருபத்தாறு வருஷமாகப் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். டப்பாவைத் திறந்து குச்சியை விட்டு ஒரு கலக்குக் கலக்கினாலே, இது எத்தனை மழை தாங்கும் என்று சொல்லிவிடுவார். சுவருக்கு அடிப்பது வேறு, காருக்கு அடிப்பது வேறு என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது? மனைவி நஃபீசா சொன்னாள். சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

கார் வாங்கியது 2008 ஜூன் மாதம். மகள் தபஸ்ஸும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். வீடோ ஊரப்பாக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே. ஆத்திர அவசரத்துக்கு ஆட்டோவைத் தேடிக்கொண்டு ஓடக் கூடாது என்றுதான் வாங்கினார். ஷோரூமில் கறுப்பு நிறத்தைப் பார்த்தார், அவ்வளவுதான், மனுஷன் விழுந்துவிட்டார். வாங்கி வந்த அன்று மீசையை அந்த பானெட்டில் பார்த்துத்தான் முறுக்கிக்கொண்டார்.

அப்போது ஊரப்பாக்கத்திலிருந்து தாம்பரம் போகிற ஜி.எஸ்.டி. ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். விடிந்தால் பொழுது சாய்கிற வரைக்கும் ஜல்லி லாரிதான். மேலே தார்ப்பாய் போடுகிற வழக்கமே கிடையாது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஒரு கைப்பிடி ஜல்லி பின்னால் வருகிறவன் தலையில்.

"பானெட்டு மேல, முன்னாடி மட்டும் ஃபிலிம் ஒட்டிடுங்க. வேலை முடிஞ்சிடும், நிம்மதியா இருக்கலாம்" என்றாள் நஃபீசா.

இரும்புலியூரில் கார் சாமான் கடை வைத்திருந்த சம்பத்தும் அதையே சொன்னான். கண்ணாடி மாதிரி தெரியும், கல் அடித்தால் அதோடு போகும், பெயிண்டில் படாது என்றான்.

"மஞ்சளாகுமா ஆகாதா? அதைச் சொல்லு."

"மூணு நாலு வருஷத்துல லேசா ஆவும் பாய். பொய் சொல்ல மாட்டேன். அப்ப உரிச்சுட்டு வேற ஒட்டிக்கலாம்."

பாவம், உண்மையைச் சொல்லிக் கெட்டான். அமீருதீன் அந்தத் துண்டு ஃபிலிமை வெயிலில் பிடித்துப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார், முகர்ந்துகூடப் பார்த்தார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் தீர்ப்புச் சொன்னார்: "பெயிண்டுக்கு மேல பிளாஸ்டிக்கைப் போத்தறவன் பெயிண்டே தெரியாதவன். நாலு பேர் என் வண்டியப் பார்த்து என்ன நினைப்பான்? கல் படாம ஓட்டத் தெரிஞ்சா எதுக்கு ஃபிலிம்?"

ஓட்டப்போவது இவர் இல்லை. இவருக்கு ஸ்கூட்டரைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. டேனியல் என்று ஒரு டிரைவரை வைத்தார். இரண்டாவது வாரமே பானெட்டின் நுனியில் எள்ளளவுக்கு ஒரு புள்ளி. பெயிண்ட் பெயர்ந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. டேனியல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். அந்தப் புள்ளிக்குக் கடை டப்பாக்களில் தேடித் தேடி ஒரு கறுப்பை எடுத்து, தானே தொட்டு வைத்தார். அது தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது.

அடுத்து வந்தவன் சவுரிமுத்து. நாற்பது வயது இருக்கும், இரண்டு பெண் குழந்தைகள். வேலைக்குச் சேர்ந்த காலையிலேயே சட்டம் போட்டாகிவிட்டது.

"ஜல்லி லாரி முன்னாடி போனா நூறடி தள்ளியே வா. லாரியத் தாண்டி ஏறிப் போறேன்னு பக்கத்துல போவாதே, அப்பதான் தெறிக்கும். லாரி திரும்பற வரைக்கும் பின்னாலயே வா. நேரமானா ஆவட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கல்லு பட்டா மட்டும் சும்மா இருக்க மாட்டேன்."

"சரி பாய்" என்றான் சவுரிமுத்து. சொன்னபடியே ஓட்டினான். பின்னால் வருகிற பஸ்காரனெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போவான். இவன் காதில் வாங்கிக்கொள்ள மாட்டான். தபஸ்ஸுமை இரண்டு முறை செக்கப்புக்கு அப்படித்தான் கூட்டிப்போய் வந்தான். "மாட்டு வண்டியில போனா சீக்கிரம் போயிடலாம்" என்று அவள் சிரித்தாள். அவன் பானெட்டைக் காட்டி, "இன்னா பண்றது பாப்பா, இதானே என் சோறு" என்றான்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. நஃபீசா கீழ்க்கட்டளையில் ஒரு மௌத்து வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தாள். பகல் பன்னிரண்டு மணிக்குக் கடைக்குப் போன் வந்தது.

"அத்தா, வயிறு கல்லு மாதிரி இழுக்குது. ரத்தம் போவுது."

மகளுக்கு எட்டாம் மாதம் முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. "பயப்படாதேம்மா. சவுரிமுத்து வாசல்லதானே இருக்கான்? ஏறி உக்காரு. நான் ஆஸ்பத்திரிக்குப் போயிடறேன்" என்றார். கடையைத் திறந்து போட்டபடியே ஸ்கூட்டரை எடுத்தார். ஆஸ்பத்திரி தாம்பரத்திலேயே. ஐந்து நிமிஷத்தில் போய் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு வாசலில் நின்றார்.

ஊரப்பாக்கத்திலிருந்து அங்கே வர இருபத்தைந்து நிமிஷம். நாற்பது நிமிஷம் ஆயிற்று. போன் செய்தார். "வந்துக்கிட்டே இருக்கோம் அத்தா" என்றாள் தபஸ்ஸும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. ஐம்பத்தைந்தாவது நிமிஷம் வண்டி உள்ளே நுழைந்தது. பின்சீட்டு முழுக்க ரத்தம். தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். தாயைக் காப்பாற்றிவிட்டதாகச் சொன்னார். பெண் குழந்தை, வயிற்றுக்குள்ளேயே இறந்திருந்தது. "வண்டிய விட்டு இறக்கினப்போ குழந்தைக்கு லேசா துடிப்பு இருந்துச்சு. கால் மணி நேரம் முன்னாடி வந்திருந்தா ஒருவேளை..." என்றவர் மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

அமீருதீன் நேரே வெளியே வந்தார். சவுரிமுத்து வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், சட்டை முழுக்க ரத்தக் கறையோடு. அந்தச் சட்டையையே கொத்தாகப் பிடித்தார்.

"எங்கடா போனே? வழியில என்னடா பண்ணிக்கினு இருந்தே?"

"ஜல்லி லாரி பாய். வண்டலூர்ல முன்னாடி வந்துச்சு. பெருங்களத்தூர் தாண்டற வரைக்கும் முன்னாலயே போச்சு."

"ஏறிப் போக வேண்டியதுதானேடா. என் பொண்ணு உள்ள துடிச்சுக்கினு கெடக்கா, உனக்குக் கண்ணு இல்ல?"

சவுரிமுத்து வாயைத் திறந்தான். எதிரே நிற்கிற முகத்தைப் பார்த்தான். என்ன நினைத்தானோ, திரும்ப மூடிக்கொண்டான்.

"சாவியைக் குடுத்துட்டுப் போயிடு. என் கண்ணு முன்னால நிக்காதே."

கொடுத்துவிட்டுப் போனான். கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப்பு பக்கம் நடந்தான். இவருக்கு யாரையாவது ஏசாமல் அந்த நிமிஷத்தைக் கடக்க முடியாது என்றிருந்தது, ஏசியாகிவிட்டது.

சாயங்காலம் தபஸ்ஸும் கண் விழித்தாள். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. அமீருதீன் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் நெற்றியைத் தடவினார். ஏதாவது செய்துவிட்டதாக அவளிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"அவனை வேலைய விட்டு அனுப்பிட்டேம்மா. அந்தப் பாவி ஒழுங்கா ஓட்டியிருந்தா..."

தபஸ்ஸும் அவரைப் பார்த்தாள்.

"அவரு கேட்டாரு அத்தா. 'ஏறிப் போயிடறேன் பாப்பா, வேலை போனா போவுது'ன்னு ரெண்டு தடவ கேட்டாரு. நான்தான் வேணாம்னேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "டேனியல் அண்ணன அனுப்பின மாதிரி இவரையும் அனுப்பிடுவீங்க. ரெண்டு பொண்ணு வச்சிருக்காரு. நான் கொஞ்சம் பொறுத்துக்கலாம்னு நெனச்சேன். எனக்கு என்ன தெரியும் அத்தா, வலின்னா இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அமீருதீனின் கை நெற்றியிலேயே நின்றுவிட்டது. எடுக்கவும் தெரியவில்லை, தடவவும் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் நஃபீசா ஓடி வந்தாள். கீழ்க்கட்டளையிலிருந்து வழியெல்லாம் அழுது குரலே போயிருந்தது. மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள், அப்புறம் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"கால் மணி நேரம் முன்னாடி வந்திருந்தா பொழச்சிருக்கும்னு நர்ஸ் சொல்றாங்களே. ஏங்க லேட்டாச்சு? வீட்டு வாசல்ல காரை வச்சுக்கிட்டு எப்படிங்க லேட்டாச்சு?"

அமீருதீன் மகளைப் பார்த்தார். அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிராஃபிக்" என்றார்.

தபஸ்ஸும் நெற்றியிலிருந்த அவர் கையை மெல்ல எடுத்துக் கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.