உள்ளே கடை, வெளியே வியாபாரம்

அந்த வீட்டில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே துறை. வெளிநாட்டு உதவியில் நடக்கும் வளர்ச்சித் திட்டங்களுக்கு இருவரும் ஆலோசகர்கள். அவள் திட்டம் தொடங்குவதற்கு முன்னால் போகிறவள். அவன் முடிந்த பிறகு போகிறவன். எதைக் கட்டலாம், எப்படிக் கட்டலாம் என்று அவள் வரைந்து கொடுப்பாள். கட்டியது உருப்பட்டதா இல்லையா என்று பார்த்து அவன் எழுதிக் கொடுப்பான். அதனால், வீட்டில் தொழில் பேசுவதில்லை என்று கல்யாணமான புதிதிலேயே பேசி வைத்துக்கொண்டார்கள். கூடவே இருந்த மாமியாருக்கு, அதாவது அவளுடைய அம்மாவுக்கு, மகளும் மருமகனும் என்ன வேலை பார்க்கிறார்கள் என்பது இன்றுவரை பிடிபடவில்லை. யாராவது கேட்டால் "ரெண்டு பேரும் ஊர் ஊராப் போய்ப் பார்த்துட்டு வர்றாங்க" என்று சொல்லிவிடுவார். அதில் தப்பும் இல்லை.

'சிறுவணிகர் வாழ்வாதார மேம்பாடு, இரண்டாம் கூறு' என்ற வேலைக்கு ஆலோசனை நிறுவனத்து மேலாளர் அவனைக் கூப்பிட்டார். அந்த மாதிரித் தலைப்புக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம் என்று தெரிந்தும், கையில் வேறு வேலை இல்லாததால் அவன் சரி என்றான். கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிறகுதான் இணைப்புகளைத் திறந்து பார்த்தான். ஒன்றில் ஒரு காய்கறிச் சந்தையின் படம் இருந்தது. அலை அலையாக மடிந்து இறங்கும் கூரை. அந்தக் கூரையை அவன் நன்றாக அறிவான். அது வரையப்பட்ட காலத்தில் அவன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில்கூட அதன் படம் ஒட்டியிருந்தது.

 உடனே மேலாளரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான்.

"அந்தச் சந்தையை வடிவமைச்சது என் மனைவி சார். நான் எப்படி மதிப்பீடு பண்றது?"



"உங்க மனைவி உங்ககூடப் பேசுவாங்களா?" என்றார் மேலாளர்.

"பேசுவாங்க."

"அப்புறம் என்ன சார்? வடிவமைப்புக் குழுவுல இருந்தவங்க யாருமே பேட்டிக்குப் பிடி கொடுக்க மாட்டேங்கறாங்க. இது நமக்குப் பெரிய பலம். அவங்க உங்க மனைவின்னு அறிக்கையோட அடிக்குறிப்புல ஒரு வரி போட்டுடலாம்."

அடிக்குறிப்பில் ஒரு வரி போட்டார்கள். அவன் மனைவியிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் மென்று விழுங்கிச் சொன்னான்.

"என்னை மதிப்பீடு பண்ணப் போறீங்க," என்றாள் அவள்.

"உன்னை இல்ல. திட்டத்தை."

"நீங்க போற இடத்துல எல்லார்கிட்டயும் இதைத்தானே சொல்வீங்க?"

"ஆமா."

"அவங்க நம்புவாங்களா?"

அவன் ஒரு போர்வையின் மறுமுனையைப் பிடித்து மடிக்க உதவினான்.

பேட்டி முறைப்படி நடக்க வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். மின்னஞ்சலில் நேரம் கேட்க வைத்தாள். குறித்த நேரத்தில், அலுவலகக் கூட்டங்களுக்குப் போகும் உடையில், கையில் கோப்போடு தன் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். தேநீர் வேண்டுமா என்று அவன் கேட்டதற்கு, "தண்ணி போதும் சார்" என்றாள். உள்ளே இருந்த மாமியார் எட்டிப் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

வியாபாரிகளின் கருத்தைக் கேட்டீர்களா என்று அவன் கேட்டான். கேட்டோம், பல கூட்டம் போட்டுக் கேட்டோம் என்றாள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்றான். மழையும் வெயிலும் படாத இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும், கழிப்பறை வேண்டும், பூட்டக்கூடிய கடை வேண்டும் என்றார்கள். எல்லாம் கொடுத்தோம் என்றாள். திறப்பு விழாவுக்குப் பிறகு அங்கே போனீர்களா என்று அவன் கேட்டபோதுதான் முதல்முறையாகத் தயங்கினாள்.

"இல்ல. அடுத்த வேலை வந்துடுச்சு."

அவன் எழுதிக்கொண்டான். அவள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன எழுதினீங்க?"

"அடுத்த வேலை வந்துடுச்சுன்னு."

அன்று சாப்பாட்டு மேஜையில் மாமியார் மட்டும்தான் பேசினார்.

மதிப்பீட்டுக் குழுவின் தலைவர் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கினார். ஓங்குதாங்கான மனிதர். எல்லா வாசல்களிலும் குனிந்து குனிந்தே பழகியதால், எப்போதும் யாருக்கோ வணக்கம் சொல்வது போலவே இருப்பார். கார் ஓட்டுநர் அவருக்கு நெட்டையர் என்று பெயர் வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது. அவனும் நெட்டையரும் சந்தை இருந்த ஊருக்குக் காரில் போனார்கள்.

சந்தை அழகாகத்தான் இருந்தது. கூரையின் மடிப்புகள் வழியே வெளிச்சம் கண்ணை உறுத்தாமல் இறங்கியது. தரை காய்ந்திருந்தது. கழிப்பறையில் தண்ணீர் வந்தது. இத்தனை நாள் வேலையில் இதில் எதையுமே அவன் அடிக்கடி பார்த்ததில்லை. ஆனால் கடைகளில் ஆட்கள் இல்லை. ஒவ்வொரு கடையிலும் சாக்கு மூட்டைகள் அடுக்கியிருந்தன. மடித்த தார்ப்பாய்கள், காலிக் கூடைகள், ஒரு கடையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள். வெளியே, சந்தைச் சுவரை ஒட்டி, பேருந்து நிற்கும் சாலையோரத்தில் வியாபாரிகள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வியாபாரம் அமோகமாக நடந்துகொண்டிருந்தது.

காவலாளிக்குப் பெருமை பிடிபடவில்லை. "ஒரு கடைகூடக் காலி இல்லை சார். எல்லாம் ஃபுல். இதுவரைக்கும் ஒரு மூட்டை காணாமப் போனதில்லை."

அவன் மொழிபெயர்த்தான். நெட்டையர் தன் படிவத்தைப் பார்த்தார். 'பயன்பாட்டில் உள்ள கடைகளின் விகிதம்' என்று ஒரு கட்டம் இருந்தது. மூட்டைகளைப் பார்த்தார். மறுபடி கட்டத்தைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வெங்காயம் விற்ற அம்மாவின் அருகே அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"ஏம்மா, உள்ள இவ்வளவு நல்லா கட்டிக் குடுத்திருக்காங்க. இங்க உட்கார்ந்திருக்கீங்களே?"

"உள்ள உட்கார்ந்தா யாரு வருவாங்க? வாசல் அந்தச் சந்துப் பக்கம் இருக்கு. பஸ்ஸுலேருந்து இறங்கறவங்க சுத்திக்கிட்டு அங்க வருவாங்களா? ஆரம்பத்துல எல்லாரும் உள்ளதான் உட்கார்ந்தோம். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டு."

"கட்டறப்போ கேட்டாங்களாமே?"

"நல்லாத்தான் கேட்டாங்க, பாவம். ஒரு மேடம் வருவாங்க. எங்ககூடவே உட்கார்ந்து, சிரிச்சுப் பேசி, கேட்டுக் கேட்டு எழுதுவாங்க. அவங்க நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க," என்றான் அவன், கொஞ்சம் அவசரமாக.

"நாங்களும் உள்ள வேணும்னுதான் சொன்னோம். பொய் சொல்லலை. உட்கார்ந்து பார்த்தப்புறம்தானே தெரியுது? ஆனா மூட்டை வைக்க இடம் கிடைச்சுது பாருங்க, அது பெரிய விஷயம். முன்னெல்லாம் தினமும் தூக்கிட்டு வரணும், தூக்கிட்டுப் போகணும். இடுப்பு விட்டுப்போகும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதையெல்லாம் எழுதுவீங்களா?"

"எழுதணும்."

"எழுதிடாதீங்க சார். நகராட்சிக்காரங்க காதுல விழுந்தா, உள்ள கடை இருக்கும்போது ரோட்டுல என்ன வேலைன்னு எங்களைத் துரத்திடுவாங்க. இப்ப கண்டும் காணாம இருக்காங்க. அப்படியே இருக்கட்டும்."

திரும்பி வரும் வழியில் அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். திட்டம் பிரமாதம் என்று எழுதினால் மனைவிக்கு நல்லது, மேலாளருக்கு நல்லது, காவலாளிக்கு நல்லது, வெங்காயக்காரம்மாவுக்கும் நல்லது. உண்மையை எழுதினால் ஒரு ஜீவனுக்கும் பிரயோஜனம் இல்லை. இப்படி ஒரு சந்தர்ப்பம் அவன் தொழிலில் இதுவரை வாய்த்ததில்லை. நெட்டையர் முன் இருக்கையில் முழங்காலைத் தாடைவரை மடக்கிக்கொண்டு தூங்கிவிட்டார்.

வீட்டில் அவள் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் தொழில் பேசுவதில்லை என்ற விதி விதிதான். ஆனால் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக வைக்கப்பட்டன. கடைசியில் அவனே வாயைத் திறந்தான்.

"கூரை நல்லா இருக்கு."

"கூரையைப் பத்தி யார் கேட்டா?"

"கடையெல்லாம் நிரம்பியிருக்கு."

"எதால?"

அவன் தண்ணீர் குடித்தான். வருஷக்கணக்காகக் கூடவே வாழ்ந்தவளுக்கு அதுவே போதுமான பதிலாக இருந்தது.

மறுநாள் அவள் யாரிடமும் சொல்லாமல் வெளியே போனாள். மாலையில் ஒரு பெரிய காய்கறிப் பையோடு திரும்பி வந்தாள். மாமியார் பையைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தக்காளி கல்லு மாதிரி இருக்கே! எங்கடி வாங்கினே?"

"என் சந்தையில."

அவன் மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்தான். "உள்ளயா, வெளியவா?"

அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"உள்ள போகணும்னுதான் போனேன். எல்லாத்தையும் படம் பிடிச்சுட்டு வந்து உங்ககிட்டச் சண்டை போடணும்னு. பஸ்ஸை விட்டு இறங்கினேன். எதிர்லயே உட்கார்ந்திருந்தாங்க. தக்காளி நல்லா இருந்துது. வாங்கினேன். பக்கத்துல கீரை. அதையும் வாங்கினேன். திரும்பற பஸ் வந்துது, ஏறிட்டேன்." செருப்பைக் கழற்றினாள். "பாதி தூரம் வந்தப்புறம்தான், உள்ள போகவே இல்லைங்கறது ஞாபகம் வந்துது."

அவன் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டான். அவளே சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கியது. மாமியார் ஒன்றும் புரியாமல் தக்காளியைக் கழுவப் போனார்.

அன்று அந்த வீட்டின் விதி உடைந்தது. வெங்காயக்காரம்மா சொன்னதை அவன் ஒன்று விடாமல் சொன்னான். அவள் ஒரு தாளை எடுத்துச் சந்தையின் வெளிச்சுவரை வரைந்தாள். சுவரிலிருந்து சாலைப் பக்கமாக ஒரு கூரையை நீட்டினாள்.

"அவங்களை உள்ள கூப்பிடறதுக்குப் பதிலா கூரையை வெளிய அனுப்பிடலாம். கூரைக்குக் கீழ இருக்கறதெல்லாம் சந்தைன்னு ஆயிடும். அப்புறம் ரோட்டுல உட்கார்ந்திருக்கேன்னு யாரும் துரத்த முடியாது. உள்ள இருக்கற கடையெல்லாம் கிடங்குன்னு எழுதிடுங்க. நிஜமாவே அதுதானே?"

"இதை நீ சொன்னேன்னு போடலாமா?"

"அடிக்குறிப்புல போடுங்க," என்றாள்.

அறிக்கையைச் சமர்ப்பிக்கும் கூட்டம் ஒரு ஹோட்டல் அரங்கில் நடந்தது. குளிரில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கூரையை நீட்டும் யோசனையையும் சொல்லி அவன் பேசி முடித்ததும், வெங்காயக்காரம்மா பயந்தது போலவே நடந்தது. நகராட்சி அதிகாரி எழுந்தார்.

"இது எங்க கவனத்துக்கு வரவே இல்லை. நாளைக்கே ரோட்டுல இருக்கறவங்களை உள்ள அனுப்பிடறோம். பிரச்சினை முடிஞ்சுது."

அவன் வாயைத் திறப்பதற்குள், பார்வையாளர் வரிசையிலிருந்து அவள் எழுந்துவிட்டாள். முன்னாள் வடிவமைப்பாளர் என்ற முறையில் அழைக்கப்பட்டிருந்தாள்.

"அனுப்புங்க சார். ஆனா வாங்கறவங்களை யாரு அனுப்புவாங்க? அந்தச் சந்தையை வரைஞ்சவ நான். போன வாரம் போய் நானே வெளியிலதான் வாங்கினேன்."

நெட்டையர் அவன் பக்கம் குனிந்து என்ன சொன்னாள் என்று கேட்டார். அவன் மொழிபெயர்த்தான். நெட்டையர் பேனாவை வெளியே எடுத்து, படிவத்தில் இல்லாத ஓர் இடத்தில் எதையோ எழுதினார். பிறகு அவர் பேசியது கொஞ்சம்தான். ஆனால் அவர் உதவி கொடுக்கும் நிறுவனத்தின் தலைமையகத்திலிருந்து வந்தவர் என்பதால், நகராட்சி அதிகாரிக்கு அது முழுமையாகப் புரிந்தது. யாரையும் துரத்துவதில்லை, கூரையை நீட்டுவது என்று முடிவானது.

கூரையை வடிவமைக்க ஆலோசகர் தேவை என்று விளம்பரம் வந்தபோது அவள் விண்ணப்பித்தாள். மேலாளர் மிகுந்த வருத்தத்தோடு அவனைக் கூப்பிட்டார். மதிப்பீடு செய்தவருடைய மனைவி விண்ணப்பிப்பது முறையாகாது என்று தலைமையகம் கருதுகிறதாம். வேலை வேறு ஒருவருக்குப் போனது. அவள் தன் ஏமாற்றத்தை அவனிடம் காட்டவில்லை. பல நாள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தாள். அவனும் தேநீரைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தான்.

கூரை ஏறிய பிறகு இருவரும் சேர்ந்தே போனார்கள், பேருந்தில். புதுக் கூரை அவள் வரைந்ததைவிட அகலம் குறைவு. ஒரு தூணைச் சரியாக வெங்காயக்காரம்மாவின் முன்னால் நட்டிருந்தார்கள்.

"இந்தத் தூணை இங்கயா வைப்பாங்க?" என்று அவள் பதறினாள். "யாருமே உங்களைக் கேட்கலையா?"

"கேட்டாங்களே மேடம். எங்க வேணா வைங்கன்னு சொன்னேன்." அவர் தூணில் ஓர் ஆணி அடித்துப் பையையும் தண்ணீர் பாட்டிலையும் மாட்டியிருந்தார். இரண்டு கையாலும் வெங்காயத்தை அள்ளித் தட்டில் போட்டார். "எவ்வளவு வேணும்?"

அவள் தூணைச் சுற்றி அந்தப் பக்கம் போய் நின்று, பையை விரித்துப் பிடித்தாள்.