நீலத்திரை முடியும்வரை

வாப்பாவின் உடலில் பூசக் கற்பூரம் நுணுக்கிய விரலால் ஸுஹைனா கம்ப்யூட்டரை இயக்கினாள். வழக்கமான படம் வரவில்லை. திரை நீலமாயிற்று. வெள்ளை எழுத்துகள் வரி வரியாய் இறங்கின.

கைத்தொலைபேசியில் தம்பி இன்ஷாப் காத்திருந்தான். தோஹாவிலிருந்து வர டிக்கெட் கிடைக்கவில்லை. கபன் துணியால் மூடுமுன் வாப்பாவின் முகத்தைக் கெமராவில் பார்க்கவேண்டும்.

"என்ன ராத்தா?"

"டிஸ்க்கச் சோதிக்குது. வாப்பா நேத்தும் உன்னோட பேசிப்போட்டு பிளக்கப் புடுங்கிட்டார்."

"எத்தின தரம் சொல்லியிருப்பன் மனிசனுக்கு." சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "நிப்பாட்டேலாதா?"

"இடையில நிப்பாட்டினா, பிறகு திறக்காமலே போயிட்டா?"



அறை நீலமாய் மிதந்தது. அடுத்த அறையின் குர்ஆன் ஓதல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன வாரம் வாப்பா சேற்றில் குந்தியிருந்து, ஒவ்வொரு பொருளாய்த் தூக்கிப் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் பழுதை ஒரு பக்கமும் வைத்தார். யார் கூப்பிட்டும் எழும்பவில்லை. எழுத்துகளும் அப்படித்தான் இறங்கின.

வாப்பாவின் தம்பி பதியுதீன் வாசலில் நின்றார்.

"புள்ள, ஊரடங்கு போட்டா சந்தியால ஆமிக்காரனுகள் விடமாட்டானுகள். தூக்கணும்."

"கொஞ்சம் பொறுங்க சாச்சா. பாதி தாண்டிட்டு."

"வாப்பாட கம்ப்யூட்டரல்லவா. அவசரப்படுத்தினா இன்னும் மெள்ளத்தான் போகும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தபடி நின்றார். பிறகு வெளியே போனார்.

எழுத்துகள் ஓரிடத்தில் நின்று, மறுபடி நகர்ந்தன.

"ராத்தா, நீயாவது போய்ப் பாரு."

போனாள். வாப்பாவின் நெற்றி கொஞ்சம் வெளுத்திருந்தது. மீசையில் ஒரு நரைமயிர் வழக்கம்போல் மேலே வளைந்திருந்தது. மூடினார்கள். ஆண்கள் தூக்கினார்கள். பெண்கள் வாசலோடு நின்றார்கள்.

திரும்பி வந்தபோது திரை தெளிந்திருந்தது. வழக்கமான படம், பச்சைப் புல்மேடு. சற்று நேரத்தில் அதன்மேல் தம்பியின் முகம் வந்தது. முகம் சவரம் செய்து, தொப்பி போட்டிருந்தான்.

"காட்டு ராத்தா."

கெமராவைக் கழற்றி, வயர் எட்டுமட்டும் ஜன்னலுக்கு இழுத்துப் பிடித்தாள். ஆற்றங்கரைப் பாதையில் வெள்ளைத் தொப்பிகள் தூரமாகிக்கொண்டிருந்தன.

"தெரியுதா?"

திரையின் மூலையில், கெமரா அனுப்பும் படம் சிறு கட்டமாய்த் தெரிந்தது. அதில் வெயிலின் வெள்ளை மட்டுமே இருந்தது.

"ஓம்," என்றான் இன்ஷாப். "நல்லாத் தெரியுது."

அவள் கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.